பெட்டிமேல் உட்கார்ந்த மானேஜர்

ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தபோது என் அறை வாசலில் ஒரு குடை சாத்தியிருந்தது. மூங்கில் பிடியும் துணியில் இரண்டு ஒட்டுமாக, அது என் வீட்டுக்காரர் சேஷகிரியுடைய குடை என்பது மயிலாப்பூரில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். பின்கட்டுப் பக்கம் வந்தவர் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். குடித்தனக்காரனுக்கு வீட்டுக்காரரிடம் நல்ல பெயர் வாங்கும் வாய்ப்பு அடிக்கடி வராது. உடனே குடையை எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போய், ஊஞ்சலில் இருந்தவர் கையிலேயே கொடுத்தேன். அவர் குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மாமி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விஷயம் பிறகுதான் எனக்கு விளங்கியது. மறுநாள் அவர் பெங்களூர் போக வேண்டும். ரயில் புறப்படும் நேரம் பஞ்சாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. ரயில்வேக்காரர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லையாதலால், இங்கே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் நாளே நல்ல வேளையில் தன் சாமான் ஒன்றை வேறொருவர் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் கிளம்பியாயிற்று என்று அர்த்தம். மறுநாள் போகும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் சரி. இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பாதி பெங்களூர் போய்க்கொண்டிருந்த மனிதரை நான் திரும்ப ஊஞ்சலில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டேன். அவர் தனியாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் நம் சென்னை மாகாணக் கால்பந்து அணியின் மானேஜர். பெங்களூரில் நம் அணி நான்கு கோல் வாங்கிக்கொண்டு வந்தது. பதினொரு பேர் ஓடி ஆடிய ஆட்டத்தை நான் ஒருவன் குடையைத் தூக்கித் தோற்கடித்தேன் என்று தெருவெல்லாம் பேச்சு. பால்காரர்கூட என்னைப் பார்த்து ஒரு மாதிரி தலையை ஆட்டினார்.

ரங்கூனில் இன்னும் இருக்கும் நண்பர்களுக்கும், என்னைப்போல் யுத்தத்தில் ஓடிவந்து இங்கே ஒண்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். காட்டு வழியாக நடந்து வந்த கதையை எழுதப் போவதில்லை. அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், வராதவர்கள்கூட எழுதிவிட்டார்கள். நான் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் போடுகிறேன். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். முதல் நாள் அவர் எந்த ஊர் என்று கேட்டார். ரங்கூன் என்றேன். அது சரி, சொந்த ஊர் எது என்றார். ரங்கூனில் பிறந்து ரங்கூனில் வளர்ந்தவன் என்றேன். அதுதான் சொல்லிவிட்டீரே, சொந்த ஊரைச் சொல்லும் என்றார். கடைசியில் என் தகப்பனார் சின்ன வயதில் விட்டுவந்த ஏதோ ஓர் ஊரின் பெயரைச் சொன்னேன். நான் கண்ணால் பார்த்திராத அந்த ஊரைக் கேட்டதும் அவருக்குத் திருப்தியாகிவிட்டது. தமிழும் புரிகிறது, கோயிலும் இருக்கிறது, இருந்தும் இந்தப் பட்டணம் எனக்கு வேற்று நாடாகத்தான் இருக்கிறது. காலையில் மொஹிங்கா கிடையாது. மீனும் சேமியாவுமாகச் சுடச்சுட ஊற்றித் தரும் அந்தக் குழம்பை மயிலாப்பூரில் விவரித்தால் குடித்தனத்தைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்.

எதை மறந்தாலும் நம் ஊர்ப் புட்பாலை மறக்க முடியவில்லை. மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் ஆடுவார்கள். பர்மியர், கரேன், சீனர், நம்மவர், வெள்ளைக்காரப் பட்டாளம் எல்லாரும் ஒரே சேற்றில் புரண்டு எழுந்தால் யார் எந்தச் சாதி என்று தாயாருக்கே தெரியாது. அங்கே நடக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொன்றும் சின்லோன் என்னும் பிரம்புப் பந்தைக் காலால் தட்டித் தட்டி வளர்கிறது. ஆட்டத்தில் ஒருவன் சோம்பினால் வேலி ஓரத்தில் நிற்கும் மீன்காரி அவன் பெயரைச் சொல்லித் திட்டுவாள், அடுத்த ஆட்டத்தில் அவன் ஓடுவான். மானேஜர் என்று ஒருவர் இருந்தார் என்றால் அவர் பழைய ஆட்டக்காரராக இருப்பார், முழங்காலில் தழும்பு இருக்கும். எங்கள் சேஷகிரிக்கு முழங்காலில் தழும்பு இல்லை. செக்ரடேரியட்டில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சங்கீத சபைக்கும் ஓர் அன்னதானக் கமிட்டிக்கும் காரியதரிசியாக இருந்து, மூன்றாவதாக இதையும் ஏற்றுக்கொண்டார். பந்து உருண்டை என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும்.

யுத்தத்துக்கு முன்னால் இந்த அணி மைசூரை அடித்திருக்கிறது, ஹைதராபாத்தை அடித்திருக்கிறது என்று மயிலாப்பூர் டிராமில் கண்டக்டராக இருக்கும் மாணிக்கம் சொல்வார். டிக்கெட் கிழிக்கும்போதே பழைய கோல்களை ஒவ்வொன்றாக விவரிப்பார். லஸ் ஸ்டாப் வருவதற்குள் ஒரு முழு ஆட்டம் முடிந்துவிடும். சேஷகிரி மானேஜராக வந்த பிறகு சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சபையில் கச்சேரிக்கு வித்வான் வைப்பதுபோல் ஆள் வைத்தார். இன்னாருக்கு இந்த வருஷம் கொடுத்தாயிற்று, அடுத்த வருஷம் அவர் தம்பிக்கு. கோல் காப்பவர் ஒரு தாசில்தாரின் மைத்துனர், பந்து வந்தால் மரியாதையாக வழிவிடுவார். போதாக்குறைக்கு எல்லாருடைய நட்சத்திரத்தையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார். தோற்கும்போதெல்லாம் பத்திரிகைக்காரர்களிடம் கிரகங்களைக் குறை சொல்வார். கிரகங்கள் எதிர்த்துப் பேசுவதில்லை. வேலி ஓரத்துக் கூட்டம் பேசியது. இரண்டணா டிக்கெட் வாங்கி வேகாத வெயிலில் நிற்பவர்களுக்கு வேறு என்ன வழி? மானேஜரை மாற்று என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஜனங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக் கை கூப்பினார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஆடத் தெரிந்த ஒருவன் இருந்தான். காதர். லஸ்ஸுக்குப் பக்கத்தில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை, மூன்று தலைமுறையாக மயிலாப்பூர். வெறுங்காலால் அவன் பந்தைத் தொடும்போது எனக்கு நம் ஊர் ஞாபகம் வரும். அதனால்தான் சிநேகமானோம். அவன் யுத்த வருஷங்களில் ஆட்டம் கிடைக்காமல் இருபத்தொன்பது வயதுக்கு வந்துவிட்டவன். வலது கணுக்காலில் பழைய அடி ஒன்று இருந்தது. அதற்கென்று மெல்லிய தோலில் தானே அளவெடுத்து ஒரு கட்டு தைத்து வைத்திருந்தான். அதைப் போட்டுக்கொண்டால் குதிரை, இல்லாவிட்டால் நொண்டுவான். அவனிடமும் மானேஜர் நட்சத்திரம் கேட்டார். வெள்ளிக்கிழமை பிறந்தேன் சார், மற்றது எங்கம்மாவுக்கே தெரியாது என்றான். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இப்படி இருக்கையில் ரங்கூன் அணி இங்கே ஆட வருகிறது என்று செய்தி வந்தது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதைவிடப் பெரிய செய்தி, சீமைக்குப் போகப்போகும் இந்திய அணிக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் இரண்டு பேர் கல்கத்தாவிலிருந்து இந்த ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்பது. சென்னைக்கு இனி வரமாட்டார்கள், இந்த ஓர் ஆட்டம்தான். காதருக்கு விஷயம் தெரியும். இந்த வயதில் இன்று இல்லையென்றால் என்றைக்கும் இல்லை. பட்டறையில் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு தபா அவங்க கண்ணுல பட்டா போதும் நைனா. அப்பால எடுக்கிறதும் எடுக்காததும் அவங்க இஷ்டம்," என்றான். அவன் அப்படித் தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். சேஷகிரி ஒரு வாரம் தூங்கவில்லை என்று மாமி சொன்னார். கடைசியில் அவருக்கு வழி கிடைத்தது. அணியின் சட்டை, நிஜார், கால்கட்டு எல்லாவற்றையும் ஒரே டிரங்குப் பெட்டியில் போட்டு, சனிக்கிழமை நல்ல வேளையில் மைதானத்துக்குப் பக்கத்தில் அபிராமபுரத்தில் இருக்கும் தன் சம்பந்தி வீட்டில் பரஸ்தானமாக வைத்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை போகிற வழியில் எடுத்துக்கொள்வது. காதர் தன் தோல்கட்டை மட்டும் கையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். அணி என்றால் ஒரே பெட்டி, ஒன்று விட்டுப்போனாலும் அரைப் பரஸ்தானம் ஆகிவிடும் என்று அவர் வாங்கி உள்ளே போட்டுப் பூட்டினார். அன்று இரவு கல்கத்தாக்காரர்கள் இருவருக்கும் அவர் வீட்டில் விருந்து. மாமி செய்த மைசூர்பாகைப் பற்றி அவர்கள் இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார்கள்.

பர்மிய பாஷை தெரியும் என்பதால் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். குடை விவகாரம் இன்னும் மறக்காததால் டிரைவருக்குப் பக்கத்தில் இடம். நாலரைக்கு முன்னால் மயிலாப்பூரை விட்டுக் கிளம்பியாயிற்று. அபிராமபுரத்தில் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றோம். கதவில் பூட்டுத் தொங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கூடத்தில் பெட்டி தெரிகிறது. தட்டினோம், கூப்பிட்டோம், பக்கத்து வீட்டில் கேட்டோம். எல்லாரும் எங்கோ வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். ஒரு கல் கிடைத்தால் போதும், பூட்டை உடைத்துவிடலாம் என்று காதர் கல்லை எடுத்தேவிட்டான். மானேஜர் கதவுக்குக் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். "சம்பந்தி ஆத்துப் பூட்டை உடைச்சா நாளைக்கு எம் பொண்ணு அந்த ஆத்துல எப்படிடா இருப்பா?" என்றார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காதர் கல்லைக் கீழே போட்டான்.

மைதானத்தில் ரங்கூன்காரர்கள் பச்சைச் சட்டையில் தயாராக நின்றார்கள். புதுச் சட்டை, நல்ல பச்சை. நம்மவர்கள் வந்து இறங்கினார்கள், ஒருவன் வேட்டியில், ஒருவன் பனியனில், தாசில்தாரின் மைத்துனர் சில்க் ஜிப்பாவில். ரங்கூன் அணியின் மானேஜர் ஊ மியா என்னைக் கூப்பிட்டு விவரம் கேட்டார். ஒரு காலத்தில் அவர் ஆடியதை நான் வேலி ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவருக்கு என்னைத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சட்டை வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் வேறொன்றும் கேட்காமல், பயிற்சிக்கு வைத்திருந்த பழைய சட்டைகளையும் நிஜார்களையும் எடுத்துக் கொடுத்தார். அவையும் பச்சைதான், துவைத்துத் துவைத்து வெளுத்த பச்சை. ஆக நம் மாகாணத்தின் மானத்தைக் காப்பாற்ற வந்த பதினொரு பேரும் ரங்கூன் சட்டையைப் போட்டுக்கொண்டு ரங்கூனோடு ஆட இறங்கினார்கள். காதரின் காலுக்கு மட்டும் யாரிடமும் கட்டு இல்லை.

இதில் நேரம் போய்விட்டதால் ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது. முதல் பாதியைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெயில் சாயச் சாயப் புதுப் பச்சைக்கும் பழைய பச்சைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நம் பாக் ஆட்டக்காரர் அருமையாக ஒரு பந்தை ரங்கூன் சென்டர் பார்வர்டுக்குத் தள்ளிக் கொடுத்தார், அந்தப் பையன் ஒரு கணம் நம்பாமல் நின்றுவிட்டுத்தான் கோல் போட்டான். மொத்தம் மூன்று கோல். காதர் இரண்டு முறை பந்தோடு ஓடினான், இரண்டு முறையும் உதைக்கும் நேரத்தில் கால் மடங்கி உட்கார்ந்தான். வேலிப் பக்கம் மாணிக்கத்தின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. "இன்னா மானேஜர் சார், கோல் போடவும் நல்ல நேரம் பாத்துக்கினு கீறியா?" கூட்டம் சிரித்தது. சிரிக்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு பார்த்தால் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு நிற்க இடம் தேடிக்கொண்டு நாற்காலிகள் போட்டிருந்த பக்கம் போனபோது, முன் வரிசையில் சம்பந்தியும் சம்பந்தி அம்மாளும் பனை விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். இலவசப் பாஸ் கொடுத்து அவர்களை வரச்சொன்னதே மானேஜர்தான். ராகு காலத்துக்கு முன்னால் அவர்களும் கிளம்பி வந்துவிட்டார்கள். நாங்கள் அவர்கள் வாசலில் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் மைதானத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். சாவி அம்மாளின் இடுப்பில் இருந்தது. நான் பெட்டியைப் பற்றிச் சொன்னதும் அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். "கவலையே படாதேங்கோ, பெட்டி பத்திரமா இருக்கு. நன்னாப் பூட்டிண்டுதான் வந்திருக்கேன்," என்றார்.

சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் பறந்தேன். ஆப் டைம் விசில் ஊதும்போது பெட்டியை மைதானத்தின் ஓரத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டேன். காதர் நொண்டிக்கொண்டு ஓடி வந்தான். அவன் குனிவதற்குள் மானேஜர் வந்து பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். சும்மா சாய்ந்தல்ல, இரண்டு தொடையும் பதியப் பதிய உட்கார்ந்தார். ஆறு மணி வரைக்கும் திறக்கப்படாது என்றார். நல்ல வேளையில் வைத்ததை ராகு காலத்தில் திறந்தால் வைத்ததே வீண். இன்னும் கொஞ்ச நேரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுங்கள் என்று உபதேசம் வேறு. பெட்டிச் சாவி அவர் மடியில். அணியில் ஒருவனும் அவரைத் தொட்டுத் தூக்கத் துணியவில்லை. அதுதான் இந்த ஊர். நம் ரங்கூன் மீன்காரியாக இருந்தால் பெட்டியோடு அவரையும் கவிழ்த்திருப்பாள்.

அப்போதுதான் நான் நாற்காலிகள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கல்கத்தாக்காரர்கள் இருவரும் எழுந்து வேட்டி மடிப்பைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை மெயிலைப் பிடிக்க வேண்டும், ஆட்டம் தாமதமாகிவிட்டது, போகிறோம் என்றார்கள். மானேஜர் பெட்டிமேல் இருந்தபடியே அவர்களுக்குக் கும்பிடு போட்டார், எழுந்தால் பெட்டியைத் திறந்துவிடுவார்களே. காதர் அவர்கள் போவதைப் பார்த்தான். அவன் முகத்தை நான் விவரிக்க மாட்டேன்.

ஊ மியா வந்து காதருக்கு முன்னால் மண்டியிட்டு அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு பழைய லுங்கியைக் கிழித்து, கணுக்காலைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டத் தொடங்கினார். கட்டிக்கொண்டே, அந்தப் பெரியவர் ஏன் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார் என்று என்னைக் கேட்டார். பெட்டியில் சட்டை இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. பணமும் இருக்கிறதா என்றார். இல்லை, நேரம் சரியில்லை, ஆறு மணிக்குமேல்தான் திறக்கலாம் என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எங்கள் நாடே ஜோசியர் குறித்துக் கொடுத்த வேளையில்தான் சுதந்திரம் வாங்கியது. நாங்களும் நட்சத்திரம் பார்க்கிறவர்கள்தான். சட்டை போட்டுக்கொள்ளப் பார்ப்பதில்லை," என்றார். இதை மானேஜருக்குத் தமிழில் சொல்லும்படி கேட்டார். மரியாதைக்குறைவாக ஏதாவது சொல்கிறாரா என்று மானேஜர் விசாரித்தார். இல்லை, உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார் என்று சொன்னேன். சௌக்கியம், சௌக்கியம் என்றார் சேஷகிரி.

இரண்டாம் பாதியில் காதர் ஆடியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வெளுத்த பச்சைச் சட்டையில், கிழிந்த லுங்கிக் கட்டோடு, இடது ஓரத்திலிருந்து வளைந்து வளைந்து அவன் கொண்டுபோன முதல் பந்துக்கு ரங்கூன் கோல்கீப்பர் அசையவே இல்லை. இரண்டாவதை ஓடிக்கொண்டே முழு வேகத்தில் உதைத்தான், வலை பின்னால் சாய்ந்தது. ஜனங்கள் வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள், மாணிக்கம் அழுதுகொண்டிருந்தார். இன்னும் ஒன்று போட்டிருப்பான், விசில் ஊதிவிட்டது. தோற்றோம். ஆறு மணி தாண்டியதை உறுதி செய்துகொண்ட பிறகு மானேஜர் எழுந்து பெட்டியைத் திறந்து, சட்டைகள் கசங்காமல் இருப்பதைச் சம்பந்திக்குக் காட்டினார். காதர் காலி நாற்காலிகளுக்கு முன்னால் வந்து நின்றான். "பின்னால யாராச்சும் இருந்து பாத்தாங்களா நைனா?" என்று கேட்டான். இல்லை என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சீமைக்குப் போகும் அணியைப் பத்திரிகையில் போட்டார்கள். ஆட்டக்காரர்களில் சென்னைக்காரர் ஒருவரும் இல்லை. ஆனால் சென்னையை அவர்கள் அடியோடு ஒதுக்கிவிடவும் இல்லை. உதவி மானேஜர் என்று சேஷகிரியின் பெயர் இருந்தது. வீட்டு வாசலில் மாலை, தெருவில் சர்க்கரை. இருபது வருஷம் உதைத்துப் பழகியவன் கப்பலைக் கண்ணால் பார்க்க முடியாது, ஒரு நாள் உட்கார்ந்து காட்டியவர் சீமைக்குப் போகிறார். எல்லாரும் போன பிறகு மாமி எனக்குக் கொஞ்சம் கேசரி கொண்டுவந்து கொடுத்தார். "ஆட்டத்துக்கா எடுத்திருக்கா? நான் பண்ணின மைசூர்பாகுக்கு எடுத்திருக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அணி சீமையில் என்ன கிழித்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் பத்திரிகை படிப்பவர்கள்தான்.

காதர் விஷயம் வேறு விதமாக முடிந்தது. அன்று மைதானத்தை விட்டுப் புறப்படும் முன் ஊ மியா அவனிடம் ஒன்று சொல்லச் சொன்னார். ரங்கூனில் ஓர் அரிசி மில்லுக்கு நல்ல அணி இருக்கிறது. மில்லில் யந்திரங்களுக்குத் தோல் வார் தைக்க ஆள் வேண்டும். வந்தால் வேலையும் ஆட்டமும் உண்டு. நான் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். மயிலாப்பூர்க்காரன் ரங்கூன் போய்ப் பிழைப்பதா, அங்கிருந்து நீங்களெல்லாம் ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறீர்களே என்றான். பத்திரிகையில் பெயர்கள் வந்த அன்று என் அறைக்கு வந்தான். அந்த மில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டான். ஆற்றங்கரையில் என்றேன். மழைக்காலத்தில் எப்படி ஆடுவார்கள் என்று கேட்டான். அங்கே இப்போது கலவரம் அதிகம், யோசித்துச் செய் என்றேன். இங்கே யோசித்துக்கொண்டிருந்ததில்தான் எனக்கு இருபத்தொன்பது வயது ஆகிவிட்டது என்றான். அவன் தாயார் அதற்குப் பிறகு ஒரு மாதம் என் முகத்தில் விழிக்கவில்லை.

பர்மிட் கிடைத்து அவன் கப்பல் ஏறியபோது ஹார்பருக்கு நான்தான் கூடப் போனேன். டிராமில் மாணிக்கம் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். காதர் என்னிடம் பாஷை கற்றுக்கொண்டு வந்தான். அங்கே ஒருவரை ஒருவர் கண்டால் நமஸ்காரம் சொல்வதில்லை, சாப்பாடு ஆயிற்றா என்றுதான் கேட்பார்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். தமின் சா பீ பீ லா. அவன் வாயில் அது உருதுவும் தமிழுமாக உடைந்து உடைந்து வந்தது. எந்தத் தெருவில் நல்ல மொஹிங்கா, எந்த மைதானத்தில் தண்ணீர் நிற்கும், மழை பெய்தால் எந்தக் கோபுரத்தின் கீழ் ஒதுங்கலாம் எல்லாம் சொன்னேன். ஆறு வருஷமாக நான் ஒருவருக்கும் அந்தத் தெருக்களைச் சொன்னதில்லை, கேட்டவரும் இல்லை. அவன்மேல் பொறாமையாகவும் இருந்தது. என் ஊருக்கு அவன் போகிறான், அவன் ஊரில் நான் இருக்கிறேன், இரண்டு பேரும் அதைத் தேடிக்கொண்டவர்கள் இல்லை.

கப்பல் கரையை விட்டு நகர்ந்தபோது அவன் மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டென்று வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்துக் கத்தினான். "தமின் சா பீ பீ லா?" கரையில் நின்ற இத்தனை ஜனங்களில் அது என் ஒருவனுக்குத்தான் புரிந்தது. நானும் கையைக் குவித்து, சாப்பிட்டாயிற்று, சாப்பிட்டாயிற்று என்று பர்மிய பாஷையிலேயே திரும்பக் கத்தினேன். கப்பல் போய்க்கொண்டே இருந்தது, நான் கத்திக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு போர்ட்டர் என் கண்ணையும் என் பேச்சையும் பார்த்து, கப்பலைத் தவறவிட்ட பர்மாக்காரன் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. எழுந்து வந்து என் தோளில் தட்டினார். "அழுவாதே நைனா, அடுத்த கப்பல் கீது. ரெண்டு வாரத்துல வந்துடும், அதுல ஏறிக்கோ," என்றார். டிக்கெட்டை எந்த ஆபீசில் மாற்ற வேண்டும், எந்த வாசல் வழியாகப் போனால் கூட்டம் இருக்காது என்றெல்லாம் நிதானமாகச் சொன்னார். நான் அவர் சொன்னது எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.